இழுக்கிறதா, வலிக்கிறதா?

பொழியூர்க் கடற்கரையில் சாயங்காலப் பந்தாட்டம். சந்தோஷ் டிராபி வரை ஆட்டக்காரர்களை அனுப்பிய ஊர். மணலில் வெறுங்காலோடு ஓடும் பையன்களைப் பார்த்தால் காரணம் புரியும். ஓடிக்கொண்டிருந்த ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மசில் கேறி" என்றான் ஒருவன். "கோச்சிப் பிடிச்சு" என்றான் இன்னொருவன். நீரோடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் "நரம்பு இழுத்துட்டு" என்றார். அதற்குள் ஒரு பொடியன் அவன் காலை நீட்டி, முட்டியை அழுத்திக்கொண்டு, பாதத்தை அவன் முகத்தைப் பார்க்க மடக்கிப் பிடித்தான். தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் போலத் திரண்டிருந்த சதை மெல்ல இளகியது.

மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியும் வைத்தியம் சரியாக அமைந்தது. எப்போதும் இப்படி அமைவதில்லை. கேரள-தமிழக எல்லையிலுள்ள இந்தக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகின்றன. வேறு வேறு இழுப்புகளுக்கு ஒரே பெயர், ஒரே பெயருக்கு இரண்டு பொருள். ஆளை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதைப் பல நேரம் அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது.

முதலில் அந்தப் பெரியவரின் நரம்பு. நம் பேச்சில் ரத்தக்குழாய், தசைநாண், நரம்பு மூன்றுமே 'நரம்பு'தான். கெண்டைக்காலில் சுருண்டது நரம்பு அல்ல, தசை. களைத்த தசைக்கு நரம்பு வழியே 'இறுக்கு' என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஆகவே 'நரம்பை எடுத்துவிடுகிறேன்' என்று கட்டைவிரலால் குத்த வேண்டாம். நீட்டிப் பிடித்தால் போதும். தென்பாண்டிப் பக்கம் கொரக்களி என்பதும், அகராதியில் குரக்குவலி என்று இருப்பதும் இதுதான்.

'உப்புக் குறைவுதான் காரணம், ஊறுகாய்த் தண்ணி குடி' என்பார்கள். பாதி சரி. 2010-இல் அமெரிக்காவில் ஆட்களின் கணுக்கால் நரம்பில் மின்சாரம் கொடுத்துக் கால் பெருவிரல் தசையில் பிடிப்பை வரவழைத்துச் சோதித்தார்கள். ஊறுகாய் நீர் குடித்தவர்களுக்கு, வெறும் தண்ணீர் குடித்தபோதைவிடச் சீக்கிரம் விட்டது. ஆனால் அந்தச் சிறு நேரத்தில் உப்பு ரத்தத்தில் சேர்ந்திருக்கவே இல்லை. புளிப்பு தொண்டையைத் தொட்டதில் நரம்புக் கட்டளை தளர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இனி, வலி. வலிப்பு என்றால் வலி தரும் நோய் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். வலித்தல் என்றால் இழுத்தல். தமிழில் துடுப்பு வலித்தோம். பொழியூரில் இன்றும் கரமடி வலிக்கிறார்கள். கை கால் இழுப்பதால் வலிப்பு. மலையாளத்தில் வலிக்கு இந்த ஒரு பொருள்தான் மிச்சம். நோவுக்கு அங்கே வேதனை, மூச்சிரைப்புக்கு வலிவு, பீடி இழுப்பது புகவலி. எங்கள் உறவில் ஒருவர் மூட்டு நோவோடு எல்லை தாண்டி மருத்துவரிடம் போனார். "வலிக்குமோ?" என்று கேட்டாராம் மருத்துவர். "ராத்திரி முழுக்க, டாக்டர்!" சீட்டில் புகைப்பழக்கம் ஏறிவிட்டது. பீடியைக் கையால் தொடாத மனிதர்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஜன்னியில் அப்படிப் போக முடியாது. தமிழ்த் தாய் ஜன்னி என்று சொல்வது பெரும்பாலும் கடுங்காய்ச்சலில் பிள்ளை பிதற்றுவதை. மலையாளத்தில் ஜன்னி என்றால் அபஸ்மாரம், அதாவது வலிப்பு நோய். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு வரும் இழுப்பு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் வலிப்பு நோயாக மாறுவதில்லை. ஒரு சொல் இடம் மாறிக் கேட்டதில் பிள்ளைக்குத் தீராத நோய்ப் பட்டம் கிடைத்துவிடலாம்.

காக்கா வலிப்புக்கும் காக்கைக்கும் எந்த உறவும் இல்லை. கால்-கை வலிப்பு வாயில் தேய்ந்து காக்கா ஆனது என்பதே தமிழறிந்தவர்கள் சொல்லும் விளக்கம்.

வலிப்பைச் 'சாமி வந்திருக்கு' என்பதும் உண்டு. கொடை விழாவில் அருள் வந்து ஆடுபவரைக் கவனியுங்கள்: மேளத்துக்கு அடி வைப்பார், கேட்டால் பதில் சொல்வார். வலிப்பு வந்து விழுந்தவருக்கு எந்த மேளமும் கேட்காது. அவர் மூளையில் நடப்பதற்கு இந்த ஊரிலேயே உவமை இருக்கிறது. மணல்திட்டு அடைத்திருக்கும்போது காயல் நீர் சும்மா கிடக்கும். மழையில் அந்தத் திட்டு உடைந்து பொழி முறிந்தால் அத்தனையும் ஒரே பாய்ச்சலாகக் கடலுக்குப் போகும். மூளையின் செல்கள் முறை வைத்து விடவேண்டிய மின்துடிப்பை ஒரேயடியாக விடும்போது உடம்பு வெட்டி இழுக்கிறது. கேரளத்தில் 1000 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு இந்நோய் இருப்பதாக 2000-இல் வெளியான ஆய்வு சொன்னது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் 1995 முதல் இதற்கு அறுவை சிகிச்சையே நடக்கிறது. திருமணத்துக்குத் தடை என்ற சட்ட வரியும் 1999-இல் நீக்கப்பட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் நீக்கவில்லை.

வலிப்பை நிறுத்தும் என்று நம்பப்படும் இரும்புக்கு வருகிறேன். விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதவர் இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும். சாவி தேடிக் கொண்டுவரவும் அதே நேரம்தான் ஆகும். பேர் சாவிக்கு.

வேடிக்கை என்னவென்றால், அதே இரும்பு துருப்பிடித்துக் காலில் குத்தினால் இழுப்பு வரும் என்றும் பயப்படுகிறோம். ரண ஜன்னி, வில்வாதம், மலையாளத்தில் குதிரசன்னி என்பதெல்லாம் அதுதான். தாடை கிட்டி, உடம்பு வில்லாக வளையும். காரணம் துரு அல்ல, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி. முள்ளோ தூண்டிலோ ஆழமாகக் குத்தினாலும் அது உள்ளே போகும். பளபளக்கும் புது ஆணி என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த முறை யாராவது விழுந்தால் பெயர் வைப்பதை மருத்துவரிடம் விடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அதன் எண் எல்லையின் இரு பக்கமும் ஒன்றுதான்: 108.