கண்ணீர் கட்டிய உறவு

நெடுநாள் பிரிந்த உறவினர் மீண்டும் சந்திக்கும்போது, ஒருவர் மடியில் மற்றவர் அமர்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவது அந்தமான் பழங்குடியினரின் வழக்கமாக இருந்தது. திருமணத்திலும், பகை தீர்க்கும் சடங்கிலும்கூட அவர்கள் அழுதனர்.

1906 முதல் 1908 வரை அங்கு ஆராய்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன், 1922-இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பொருள் கூறினார்: தளர்ந்த உறவை மீண்டும் இறுக்குவதே அக்கண்ணீரின் பணி.

அவர் சென்றபோதே, 1858-இல் தொடங்கிய ஆங்கிலேயர் குடியேற்றமும் கொள்ளைநோய்களும் அச்சமூகத்தைச் சிதைத்திருந்தன. 2010-இல் ‘போ’ மொழி பேசிய கடைசி மூதாட்டியும் மறைந்தார்.

காலத்தோடு சடங்குகள் மாறும், அது இயல்பே. ஆயினும் ஒன்றைக் கைவிடுமுன், அது யாரை யாரோடு பிணைத்தது என்று சிந்திப்போம். சடங்கு போகலாம், பிணைப்பு போகலாகாது.