தட்டிப் பார், தண்ணி ஊத்திப் பார்: பாத்ரூம் டைல்ஸ் வேலை சரியில்லன்னா என்ன செய்யறது?

சிவில் படிக்கிற பிள்ளை லீவுக்கு ஊருக்குப் போனா, பக்கத்து வீட்டுல இருந்து வர்ற கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "தம்பி, பாத்ரூம்ல புதுசா டைல்ஸ் போட்டோம். மூலையில தண்ணி நிக்குது. கேட்டா, போகப் போகச் சரியாயிடும்ங்கிறார் மேஸ்திரி. ஆயிடுமா?"

ஆகாது. ஆனா அதை வாயால சொன்னா சண்டைதான் வரும். அளந்து காட்டணும். அளக்கத் தேவையானது எல்லாம் நாம சர்வேயிங் லேப்லயும் மெட்டீரியல்ஸ் பேப்பர்லயும் படிச்சதுதான். அதை எட்டுக்கு அஞ்சு அடி பாத்ரூமுக்குள்ள எப்படிப் பயன்படுத்தறதுன்னு இந்தப் பாடத்துல பார்க்கலாம்.

உதாரணத்துக்கு எங்க சிங்காரப்பேட்டை பக்கத்து வீடுகளையே எடுத்துக்குவோம். கிருஷ்ணகிரி – திருவண்ணாமலை ரோட்டுல இருக்கிற ஊர். ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைங்க அனுப்பற பணத்துல, கொல்லைப்புறத்து பாத்ரூமை இடிச்சு வீட்டோட சேர்த்துக் கட்டறாங்க. முக்கியமான காரணம், வயசான அப்பா அம்மா ராத்திரியில வெளியே போக வேண்டாம்ங்கிறது. அதனால இந்த வேலை கெட்டுப்போனா பணம் மட்டும் போகாது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடையற அபாயமும் அதுல இருக்கு.

டைல்ஸ் மாறிடுச்சு, ஒட்டற முறை மாறல

பல கோளாறுகளுக்கு ஆரம்பம் இங்கதான். முன்னாடி பாத்ரூம் சுவருக்கு வந்த செராமிக் டைல்ஸ் தண்ணியை நல்லா உறிஞ்சும். அதோட எடையில 10 சதவீதத்துக்கும் மேல உறிஞ்சற வகை அது. அதனாலதான் மேஸ்திரிங்க அதைத் தொட்டியில ஊறவெச்சு, பின்பக்கம் சிமெண்ட் பால் தடவி ஒட்டினாங்க. நுண்துளைகளுக்குள்ள சிமெண்ட் பால் இறங்கி இறுகும், பிடிப்பு கிடைக்கும். அந்தக் காலத்துக்கு அது சரியான முறை.

இப்போ தரைக்கு வர்றது விட்ரிஃபைடு டைல்ஸ். இது 0.5 சதவீதம் தண்ணிகூட உறிஞ்சாது. கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. ஊறவெச்சாலும் பயன் இல்ல, சிமெண்ட் பால் உள்ள இறங்கவும் இடம் இல்ல. ஒட்டின மாதிரி இருக்கும், போகப் போக விட்டுடலாம். இதுக்குத்தான் பாலிமர் கலந்த டைல் அடிசிவ். மூட்டையில ஐ.எஸ். 15477ன்னு இந்தியத் தர எண் இருக்கும். டைப் 1ல இருந்து 5 வரைக்கும் வகை இருக்கு. விட்ரிஃபைடுன்னா டைப் 2 அல்லது அதுக்கு மேல கேட்டு வாங்குங்க.

அடிசிவ் வாங்கினா மட்டும் போதாது. நாலு மூலையிலயும் நடுவுலயும் உருண்டை உருண்டையா வெச்சு அமுக்கற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. உருண்டைகளுக்கு நடுவுல காத்துதான் இருக்கும். பல் வெச்ச கரண்டியால ஒரே திசையில கோடு கோடா இழுத்து, அதுக்கு மேல டைலை வெச்சு ரப்பர் சுத்தியால தட்டணும். வேலை நடக்கும்போதே புதுசா வெச்ச ஒரு டைலைக் கழட்டச் சொல்லிப் பாருங்க. பின்பக்கம் முழுக்க அடிசிவ் அப்பியிருந்தா நல்ல வேலை. பாதி வெறுமையா இருந்தா, மத்ததையும் அப்பவே நிறுத்திடலாம்.

சோதனை 1: தட்டிப் பார்க்கறது

வேலை முடிஞ்சு அடிசிவ் நல்லா இறுகினதும் ஒரு நாணயம் அல்லது மரக்கட்டையால ஒவ்வொரு டைலையும் நடுவுலயும் நாலு மூலையிலயும் தட்டுங்க. பிடிப்பு இருந்தா சத்தம் கெட்டியா வரும். அடியில வெற்றிடம் இருந்தா 'டொக் டொக்'னு பொள்ளலா கேக்கும். ஒரு கிராஃப் தாள்ல பாத்ரூம் வரைஞ்சு, பொள்ளலான இடத்தை மட்டும் நிழல் போடுங்க.

ஓரத்துல விரல் அகலத்துக்குப் பொள்ளல் இருந்தா பயப்பட வேண்டாம். மூலை பொள்ளலா இருந்தா தண்ணி நிறைஞ்ச பக்கெட் வெச்ச நாள்ல உடையும். முழு டைலும் பொள்ளலா இருந்தா எடுத்துட்டு மறுபடி ஒட்டறதுதான் வழி. சுவர்ல இன்னும் கண்டிப்பா பாருங்க. 2 அடிக்கு 1 அடி சுவர் டைல் ஒண்ணு ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். அது தலைக்கு மேல இருக்கிற பொருள்.

சோதனை 2: வாட்டம்

தண்ணி ஓடற சரிவைத்தான் மேஸ்திரிங்க வாட்டம்னு சொல்றாங்க. பாத்ரூம் தரைக்கு 1:80ல இருந்து 1:100 வரைக்கும் வாட்டம் இருக்கலாம். தூரத்து மூலையில இருந்து ஓட்டை 7 அடி, அதாவது சுமார் 2,100 மி.மீ. தள்ளி இருக்குன்னா,

1:80க்கு 2100 ÷ 80 = 26 மி.மீ.
1:100க்கு 2100 ÷ 100 = 21 மி.மீ.

ஆக, கிட்டத்தட்ட ஒரு இன்ச் இறக்கம் வேணும். 10 மி.மீ.தான் இருக்குன்னா அது 1:210. அதுல தண்ணி நிக்கத்தான் செய்யும்.

அளக்க டம்பி லெவல் தேவையில்ல. மேஸ்திரிகிட்டயே டியூப் லெவல் இருக்கும். காத்துக்குமிழ் இல்லாம தண்ணி நிரப்பின டியூபோட ஒரு முனையை மூலையிலயும் இன்னொண்ணை ஓட்டைகிட்டயும் பிடிங்க. தரையில இருந்து தண்ணி மட்டம் வரைக்கும் ரெண்டு இடத்துலயும் அளந்து கழிச்சா இறக்கம் கிடைச்சிடும்.

இன்னொரு விஷயம்: 2 அடிக்கு 2 அடி டைல் வளையாது. நாலு பக்கமும் ஓட்டையை நோக்கிச் சரியணும்னா அதை வெட்டித்தான் ஆகணும். பாத்ரூம் தரைக்கு 1 அடி டைல்ஸ் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சோதனை 3: தேக்கிப் பார்க்கறது

தண்ணியைத் தடுக்கறது டைல்ஸ்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இணைப்புகள் வழியா ஈரம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கத்தான் செய்யும். தடுக்க வேண்டியது அடியில இருக்கிற வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. அது தரையில மட்டும் இல்லாம சுவர்லயும் கொஞ்சம் ஏறியிருக்கணும். பைப் நுழையற இடத்தையும் சுவரும் தரையும் சேர்ற மூலையையும் தனியா கவனிக்கணும்.

அதனால டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே ஓட்டையை அடைச்சு, வாசல்ல செங்கல் வெச்சு, 2 இன்ச் தண்ணி தேக்கி ஒரு நாள் முழுக்க விடுங்க. பென்சில்ல மட்டம் குறிச்சுக்கங்க. பக்கத்துலயே ஒரு அகலமான பேசின்ல தண்ணி வெச்சு அதுலயும் குறிங்க. பேசின்ல குறையறது ஆவியானது. அதைவிடத் தரையில அதிகமா குறைஞ்சா எங்கயோ இறங்குதுன்னு அர்த்தம்.

யார் மேல தப்பு?

கோபத்துல எல்லாத்தையும் மேஸ்திரி தலையில போடறது எளிது. ஆனா காரணத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்.

• பொள்ளல் சத்தம், வாட்டம் இல்லாதது: ஒட்டின வேலையில உள்ள குறை.

• டைல் விளிம்பு ஏற்ற இறக்கமா இருக்கு: மிச்சம் இருக்கிற ரெண்டு டைலை முகத்தோட முகம் வெச்சுப் பாருங்க. ஆடினா டைலே வளைஞ்சிருக்கு, அது கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது.

• நிறம் மாறித் தெரியுது: பெட்டிகளோட பேட்ச் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஒட்டறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய விஷயம் இது.

• இணைப்புல இருக்கிற கிரௌட் அரிச்சுப் போகுது: போர் தண்ணியோட வெள்ளைப் படிவம் போகணும்னு வீட்டுல ஆசிட் ஊத்தினாங்களான்னு கேளுங்க. ஆசிட் சிமெண்ட் கிரௌட்டைத் தின்னுடும்.

• வழுக்குது: பெரும்பாலும் தேர்வுல உள்ள குறை. பளபளன்னு இருக்கிற ஹால் டைலைப் பாத்ரூம்ல போட்டிருப்பாங்க.

• வெளிச்சுவர்ல ஈரம்: ரெண்டு நாள் பாத்ரூமைப் பூட்டி வைங்க. அப்பவும் ஈரம் பரவினா எப்பவும் அழுத்தத்துல இருக்கிற சப்ளை பைப்ல கசிவு இருக்கலாம். காய ஆரம்பிச்சா தரையிலயோ டிரெயின்லயோ கோளாறு.

பேசற விதம்

டைல்ஸ் வேலைக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. அதாவது வேகத்துக்குத்தான் காசு. வாட்டம் பார்க்க அரை நாள், தண்ணி தேக்க ஒரு நாள்னு போனா அந்தக் கூலி அவருக்கு வர்றதில்ல. அதனால வாட்டத்துக்கும் வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் தனியா ரேட் பேசிடுங்க. ஒரு தாள்ல அளவு, ரேட், அடிசிவ் வகை, வாட்டம், தேக்கிப் பார்க்கும் நாள் எல்லாம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. மொத்தத்துல 10 சதவீதத்தை ஒரு மாசம் கழிச்சுத் தர்றதா முதல்லயே சொல்லிடுங்க. வேலை முடிஞ்சப்புறம் திடீர்னு பிடிச்சு வெச்சா அதுவும் அநியாயம்தான்.

குறை தெரிஞ்சா, "அண்ணே, இந்த மூலைக்கும் ஓட்டைக்கும் 10 மி.மீ.தான் வருது. ஒரு இன்ச் பேசினோம். வந்து பாருங்கண்ணே"ன்னு சொல்லிக் கிராஃப் தாளைக் காட்டுங்க. நல்ல மேஸ்திரி அளவுக்கு மதிப்புக் கொடுப்பார்.

வரவே மாட்டேன்னா, இடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க, தேதியோட மெசேஜ் அனுப்புங்க, இன்னொரு மேஸ்திரிகிட்ட எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. பில்டர், காண்ட்ராக்டர் செய்யற வீட்டு வேலையும் நுகர்வோர் சட்டத்துல சேவைதான்னு 1993ல லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருஷத்துக்குள்ள மாவட்ட ஆணையத்துல புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல. முதல்ல 1915ங்கிற உதவி எண்ல பேசிப் பாருங்க. ஆனா காண்ட்ராக்ட் இல்லாம, நீங்களே ஒவ்வொண்ணும் சொல்லிச் செய்ய வெச்ச நாள் கூலி வேலைன்னா இந்தச் சட்டம் கைகொடுக்கறது கஷ்டம். தனிப்பட்ட வேலை ஒப்பந்தத்தைச் சட்டம் சேவைன்னு எடுத்துக்கறதில்ல.

சரி செய்யறதுன்னா

ஒண்ணு ரெண்டு பொள்ளல்னா அந்த டைலை மட்டும் மாத்தலாம். அதுக்காகவே ஒரு பெட்டி மிச்சம் வைங்க. வாட்டம் தப்புன்னா தரை டைலை எடுத்து அடியில இருக்கிற கலவையையும் சரி பண்ணணும். மேலயே இன்னொரு டைல் ஒட்டறது தரையை உயர்த்தும், கதவு இடிக்கும், அடியில இருக்கிற கசிவு அப்படியே இருக்கும். இணைப்புல சிலிகான் அடிக்கறதும் அதே கதைதான்.

பயிற்சி: இந்த லீவுல உங்க வீட்டு பாத்ரூமுக்கு ஒரு கிராஃப் தாள் போடுங்க. பொள்ளலான இடங்கள், மூலையில இருந்து ஓட்டை வரைக்கும் இறக்கம், ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி 10 நிமிஷம் கழிச்சு எங்க தேங்குதுங்கிறது, இந்த மூணையும் குறிங்க. தண்ணி தேங்கற இடம் வீட்டுப் பெரியவங்க கால் வைக்கிற இடத்துல இருந்தா, அந்தத் தாளை அன்னைக்கே அப்பாகிட்ட காட்டிடுங்க.