புல்வெளிப் பந்தி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆகஸ்டில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேரப் போகிறீர்கள், சைவச் சாப்பாட்டுக்குப் பிள்ளை என்ன செய்வானோ என்று அம்மா புலம்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். "அங்கே கிருஷ்ணா லஞ்ச் என்று மலிவாகப் போடுகிறார்களாமே, நம்ம ஊர்ச் சாப்பாடு மாதிரி இருக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில் ஊரில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், இருக்காது. அப்படி நினைத்துப் போய்த்தான் முதல் நாள் நான் முகம் சுளித்தேன்.

நூலகத்தை ஒட்டி 'பிளாசா ஆஃப் தி அமெரிக்காஸ்' என்று ஒரு புல்வெளி. பெரிய பெரிய ஓக் மரங்கள். கிளைகளிலிருந்து சாமியார் தாடி போல ஸ்பானிஷ் மாஸ் தொங்கும். பெயர்தான் பாசி, பிறப்பால் அது அன்னாசிக்குச் சொந்தம். வகுப்புகள் நடக்கும் மாதங்களில், வார நாட்களில், காலை 11 மணிக்கு மேல் அங்கே மேஜை போட்டுப் பாத்திரங்களை வரிசையாக வைப்பார்கள் இஸ்கான் என்கிற ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்காரர்கள். நான் இருந்தபோது தட்டுக்கு 5 டாலர். அதையும் விலை என்று சொல்லமாட்டார்கள், நன்கொடை என்பார்கள்.

முதல் நாள் தட்டில் சோறு, பருப்பு, காய்க்கூட்டு, ஒரு குவியல் பச்சை இலை, ஓரத்தில் ஹல்வா. பருப்பில் கடுகு வெடித்த அடையாளமே இல்லை. காரம் பெயருக்குக்கூட இல்லை. கீரையின் மேல் மஞ்சளாக எதையோ ஊற்றினார்கள். மோர்க்குழம்பாக்கும் என்று சோற்றிலும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பிசைந்தேன். ஈஸ்ட் செதிலும் எண்ணெயும் சோயா சாஸும் சேர்த்து அடித்த சாலட் சாறாம் அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தச் சாற்றுக்காகவே வரிசையில் நிற்பார்கள் என்பது பிறகு தெரிந்தது. இன்னொரு நாள் போனால் பாஸ்தா! என் நாக்குக்கு அடையாளம் தெரிந்தது ஹல்வா மட்டும்தான். நம் ரவா கேசரியின் ஒன்றுவிட்ட தம்பி. முந்திரியைத் தேடாதீர்கள்.

அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்குவார். வெங்காயமும் பூண்டும் கிடையாது, கிருஷ்ணனுக்குப் படைத்த பிறகே பரிமாறுகிறார்கள். பெருமாள் கோயில் புளியோதரை தின்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லையே.

மற்றபடி ருசி ஏன் இப்படி என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. இஸ்கானைத் தொடங்கிய பக்திவேதாந்த சுவாமி கல்கத்தாக்காரர். 1965இல், 69 வயதில், சரக்குக் கப்பலில் நியூயார்க் போனார். மறு வருடம் அமைப்பைத் தொடங்கி, தானே சமைத்துப் போட்டு, சீடர்களுக்கும் சமையல் சொல்லிக்கொடுத்தார். 1971இல் கெய்ன்ஸ்வில் வந்து, இதே புல்வெளியில் பேசினார். இந்தச் சாப்பாடும் அந்தக் காலத்திலிருந்தே நடக்கிறது. வங்காளத்துச் சமையல், அமெரிக்கச் சீடர்களின் கை, அரை நூற்றாண்டாகச் சாப்பிட்டுப் பழகிய புளோரிடா மாணவர்களின் நாக்கு. அதில் போய் ரசத்தைத் தேடினால் எப்படி? அது கெய்ன்ஸ்வில் ஊர்ச் சாப்பாடு. ஜிகர்தண்டாவின் பெயர் எந்த மொழியில் பிறந்திருந்தால் என்ன, அது மதுரையுடையது இல்லையா? இது எனக்கு உறைக்க ஒரு செமஸ்டர் ஆனது. அதன் பிறகு முகம் சுளிக்கவில்லை. மஞ்சள் சாற்றைக்கூடக் கூடுதலாகக் கேட்க ஆரம்பித்தேன்.

மதப் பிரச்சாரம் செய்வார்களா என்று தயங்கியிருந்தீர்கள். ஒரு பக்கம் மிருதங்கமும் தாளமும் நடக்கும், யாராவது புத்தகம் நீட்டுவார். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்வார். சாப்பாட்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை. சோறு போட்டவர் நாலு வார்த்தை பேசினால் காதில் வாங்கிக்கொள்வதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்பது என் கட்சி. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை தட்டை நீட்டினால் காசு கேட்பதில்லை. உதவித்தொகை வராத மாசக் கடைசியில் இதன் அருமை தெரியும். ஸ்டீவ் ஜாப்ஸ் படிப்பை விட்ட நாட்களில், ஞாயிறு இரவு ஒரு நல்ல சாப்பாட்டுக்காகப் போர்ட்லண்ட் ஊரின் குறுக்கே 7 மைல் நடந்து ஹரே கிருஷ்ணா கோயிலுக்குப் போனதாக 2005 ஸ்டான்ஃபோர்டு உரையில் சொன்னார். உங்களுக்கு அவ்வளவு நடை இருக்காது.

பழைய துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள். அங்கே ஒரு சிவப்பு எறும்பு உண்டு, கடித்தால் கொப்புளம் கிளம்பும், ஒரு வாரம் சொறிய வேண்டியதுதான். எலுமிச்சை ஊறுகாயும் ஒரு சின்ன பாட்டில். திறந்தால் பக்கத்தில் இருப்பவன் என்ன அது என்று கேட்பான். முதலில் ஒரு துளி மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்