பாப்பாத்தியம்மாள் கோவில்

பாளையங்கோட்டையில் இருக்கிற பாப்பாத்தியம்மாள் கோவிலைப் பார்த்திருக்கிறீர்களா? அதைக் கட்டியவர் கிளாரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். ஜெபம் பண்ணினாயா என்று கேட்க இங்கே ஐயர் யாரும் தங்கியிருக்கவில்லை. ஆனாலும் 1780-ல் சபைப் பதிவேட்டில் 40 பேர்! 1785-ல் ஐயர் திரும்பி வந்து, அந்த அம்மா கட்டிய கோவிலைப் பிரதிஷ்டை செய்தார்.

நானோ, ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வசனம் கேட்பாங்களேன்னு சனிக்கிழமை ராத்திரிதான் வேதாகமத்தை எடுப்பேன். போன மே லீவில் டீச்சர் ஊருக்குப் போயிட்டாங்க. நான் அதைத் திறக்கவே இல்லை. (எழுதவே வெட்கமா இருக்கு.)

என் பக்கத்து பெஞ்ச் தோழி நோன்பு வைத்திருந்தாள். தண்ணீர்க் குழாய் பக்கம் யாருமே இல்லை. முகம் மட்டும் கழுவிவிட்டு வந்தாள்.