தகடூர்ப் பரிசிலும் அயல்நாட்டு மேலாண்மைக் கல்வியும்

முன்னுரை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது அதியமான்கோட்டை. பெயரிலேயே ஒரு வள்ளலைத் தாங்கி நிற்கும் ஊர் அது. சங்கப் புலவர் பாடிய தகடூர் இன்றைய தருமபுரியே என்பது அறிஞர் துணிபு. அத்தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலில் புலவர் பலர் வந்து நின்றனர். புலமை ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு, தம்மை முன்னர் அறிந்திராத அவையில் தம் தகுதியைத் தாமே எடுத்துரைத்தோர் அவர்கள். புறநானூற்றின் பரிசில் துறைப் பாடல்களில் நாம் கேட்பது அத்தகையோர் குரலேயாகும்.

இன்று அதே பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்து பயின்ற நம் மாணவருள் சிலர், அயல்நாட்டு வணிகப் பள்ளிகளில் எம்.பி.ஏ. பயிலும் வேட்கையோடு நம்மிடம் வருகின்றனர். "எங்களைப் போன்றோர்க்கும் அங்கே இடம் கிடைக்குமா?" என்பதே அவர்தம் முதல் வினா. தமிழ்த்துறை மலரில் இவ்வினாவுக்கு என்ன இடம் என்று எவரும் கருத வேண்டா. அயலவையில் தன்னை எடுத்துரைக்கும் நெறியில் ஔவையாரும் பெருஞ்சித்திரனாரும் நமக்கு முன்னோடிகள். அவர்தம் நெறியையும் இன்றைய விண்ணப்ப முறையையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயிலைக் கடக்கும் தகுதி

முதலாவது, நுழைவுத் தேர்வு. ஜிமேட் என்னும் தேர்வு 2023 நவம்பரில் புதுவடிவம் பெற்றது. கணக்கு, மொழித்திறன், தரவு நுண்ணறிவு என்னும் மூன்று பகுதிகளில் 64 வினாக்கள். காலம் 2 மணி 15 நிமிடம். மதிப்பெண் 205 முதல் 805 வரை. முன்பிருந்த கட்டுரைப் பகுதி இப்போது இல்லை. ஒருமுறை பெற்ற மதிப்பெண் ஐந்தாண்டுகள் செல்லும். ஜி.ஆர்.இ. தேர்வையும் பெரும்பாலான பள்ளிகள் ஏற்கின்றன. ஆங்கிலத் தேர்ச்சிக்கு டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். உண்டு, இவற்றின் மதிப்பெண் ஈராண்டே செல்லும் என்பதை மறத்தல் ஆகாது. ஆங்கில வழியில் பட்டம் பெற்றோர்க்குச் சில பள்ளிகள் இத்தேர்விலிருந்து விலக்கு அளிக்கின்றன.

இரண்டாவது, பட்டமும் மதிப்பெண் சான்றும். நம் நாட்டு மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைப் பள்ளிகள் பல ஏற்கின்றன. சில நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்கின்றன. கட்டணம் செலுத்துமுன் இதனைக் கேட்டறிதல் நன்று. நூற்றுக்கு இத்தனை என நம் பல்கலைக்கழகம் வழங்கிய மதிப்பெண்ணை, அமெரிக்க முறைக்கு மாணவர் தாமே மாற்றி எழுதுதல் கூடாது. உள்ளதை உள்ளவாறே தரவேண்டும் என்பதே பள்ளிகள் பலவற்றின் விதி.

மூன்றாவது, பணிப் பட்டறிவு. அமெரிக்க ஈராண்டுப் படிப்புகளில் சேர்வோர் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் பணியாற்றியவர்கள். கோவையில் 1941இல் பிறந்த சி.கே. பிரகலாத், சென்னை இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் கற்று, யூனியன் கார்பைடு நிறுவனத்தின் மின்கலத் தொழிற்சாலையில் நான்காண்டுகள் பணியாற்றிய பின்னரே அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் புகுந்தார். பின் 1975இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, உலகம் அறிந்த மேலாண்மை அறிஞரானார். பட்டம் பெற்ற மறுநாளே அயல்நாடு செல்லத் துடிப்போர் இவ்வரிசைமுறையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எனினும், இறுதியாண்டு மாணவர் முன்னரே விண்ணப்பித்து இடத்தை உறுதி செய்துகொண்டு, சில ஆண்டுகள் பணியாற்றிய பின் சேரும் முறையும் உண்டு. ஹார்வர்டின் '2+2' திட்டம் அத்தகையது.

நான்காவது, காலம். முதற்சுற்று செப்டம்பரிலும், இரண்டாம் சுற்று சனவரியிலும் முடிதல் பொதுவழக்கு. அதன்பின் ஒரு சுற்று இருப்பினும், விசாப் பெறும் காலத்தைக் கருதின் அயல்நாட்டு மாணவர்க்கு முதலிரு சுற்றுகளே ஏற்றவை. ஆகவே முந்தைய ஆண்டிலேயே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும்.

கண்டு தரும் பரிசில்

மேற்கூறியவை வாயில் வரையே கொண்டு செலுத்தும். உள்ளே செல்ல வேறொன்று வேண்டும். பெருஞ்சித்திரனார் பரிசில் வேண்டி அதியமானை நாடி வந்தபோது, மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். காணாமல் தரும் பொருளைப் பெற்றுச் செல்ல யாம் வணிகர் அல்லேம். எம் தகுதியை அளந்தறிந்து தினையளவே தரினும் அதுவே இனிது என்பது அவர் பாடிய 208ஆம் புறப்பாட்டின் கருத்து. கொடுப்போன் தன்னைக் கண்டு கொடுக்க வேண்டும் என்னும் தன்மதிப்பு அது.

வணிகப் பள்ளிகள் விண்ணப்பக் கட்டுரை கேட்பதும், நேர்காணல் நடத்துவதும் இவ்வாறு கண்டறியவே. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்போர் மிகப் பலர். அவருள்ளும் கணிப்பொறித் துறைப் பொறியாளர் மிகுதி. உயர்ந்த மதிப்பெண் பெற்றோர் ஆயிரவர் நிற்கும் வரிசையில், மதிப்பெண் மட்டும் ஒருவரைத் தனித்துக் காட்டாது. அவர் என்ன செய்தார், ஏன் செய்தார், அதனால் எவர் பயனுற்றார் என்பவையே காட்டும்.

சான்றாக ஒன்று கொள்வோம். நம் மாவட்டத்தில் புளி வணிகம் செய்யும் குடும்பத்து மாணவர் ஒருவர் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். "சிறுவயது முதலே தலைமைப் பண்பு மிக்கவன் யான்" என்று அவர் எழுதினால் படிப்போர் உள்ளத்தில் எதுவும் பதியாது. அறுவடைக் காலத்தில் விலை சரிவது ஏன், கொட்டை நீக்கும் பெண்டிர்க்குக் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது, குளிர்பதனக் கிடங்கில் வைத்து விற்பதால் வரும் ஆதாயம் எவரைச் சேர்கிறது, அம்முறையில் தாம் செய்த மாற்றம் யாது என்று எழுதினால், அம்மாணவரை அங்கிருப்போர் காண்பர். பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையும், தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியும் மேலாண்மைப் பாடங்களே. அவற்றை அருகிருந்து கண்டோர் அதனைக் குறையாகக் கருதி மறைத்தல் பேதைமை.

பீலியும் பட்டறையும்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றவர் ஔவையார். தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான் தொண்டைமான். அங்குள்ளவை மயிற்பீலி சூடி, நெய்பூசிப் பொலிவதையும், தம் மன்னன் படைக்கலங்களோ போரில் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுக் காட்டினார் ஔவையார். 95ஆம் புறப்பாட்டு இது. பழிப்பதுபோலப் புகழ்ந்த நயத்தை இலக்கண ஆசிரியர் வியப்பர். நாம் ஈண்டுக் கருதுவது பிறிதொன்று: அழகு செய்யப்பட்ட கருவியினும் பயன்பட்ட கருவியே பெருமைக்குரியது.

இக்காலத்தில் பொருள் பெற்று விண்ணப்பக் கட்டுரை எழுதித் தரும் முகவர் உளர். அவர் எழுதுவது பீலி சூட்டிய வேல். ஒரே அச்சில் வார்த்த அக்கட்டுரைகளின் ஆங்கிலம் அழகாயிருக்கும், ஆள் இருக்கமாட்டார். நேர்காணலில் ஒரு வினா எழுந்தவுடன் பீலி உதிர்ந்துவிடும். எழுத்து பிறருடையது எனத் தெரியின் சேர்க்கையே நீக்கப்படலாம். பிழை திருத்தப் பிறர் உதவியை நாடலாம். பொருள் நம்முடையதாதல் வேண்டும்.

சென்னையில் 1955இல் பிறந்த இந்திரா நூயி இதற்குத் தக்க சான்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்திலும் பயின்று, பணியாற்றி, 1978இல் யேல் பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளி அன்று வழங்கியது பொது, தனியார் மேலாண்மை முதுநிலைப் பட்டம். 1999 முதலே அது எம்.பி.ஏ. ஆயிற்று. நிதியுதவி பெற்றும் போதாமையால், இரவு வேளையில் மாணவர் விடுதியின் வரவேற்பறையில் பணி செய்தார். கோடைக்காலப் பணிக்கான நேர்காணலொன்றுக்குத் தமக்குப் பொருந்தாத மேலைநாட்டு உடையில் சென்று மனம் நொந்தார். இந்தியாவில் நேர்காணலுக்கு எதை உடுப்பாரோ அதையே உடுத்துமாறு பள்ளியின் வேலைவாய்ப்பு நெறியாளர் அறிவுறுத்தினார். அடுத்த நேர்காணலுக்குச் சேலையுடுத்திச் சென்றார்; அப்பணி கிடைத்தது. 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அலுவராக விளங்கியவர் அவரே. தமக்கு இயல்பானதைக் கைவிடாமலே அயலவையில் நிற்கலாம் என்பதற்கு அவர் வரலாறு சான்று பகர்கிறது.

ஆசிரியர் கடன்

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் பணியிட மேலாளரிடம் பெறவேண்டியது. ஆயினும் இறுதியாண்டிலேயே விண்ணப்பிப்போர்க்கும், உதவித்தொகை நாடுவோர்க்கும் ஆசிரியர் கடிதம் வேண்டப்படும். "ஒழுக்கமுள்ளவர், கடின உழைப்பாளி" என்று எல்லார்க்கும் ஒரே கடிதம் தருவதும், மாணவரே எழுதிவரக் கையொப்பம் இடுவதும் நம்மிடைப் பரவலான வழக்கங்கள். அயல்நாட்டுப் பள்ளிகளோ வேறு வகையில் வினவுகின்றன. ஒத்த நிலையில் உள்ள பிறரோடு ஒப்பிடின் இவர் எத்தகையவர்? இவருக்கு நீர் சொன்ன திருத்தம் யாது? அதனை இவர் எவ்வாறு ஏற்றார்? இவற்றுக்கு விடைகூற, மாணவரை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஔவையார் அதியமானின் படைக்கலங்களை நேரிற் கண்டறிந்தமையாலன்றோ தொண்டைமான் அவையில் அவ்வாறு பேச முடிந்தது! வகுப்பில் எழுபது பேர் இருப்பினும், ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைக் குறித்து வைப்பது ஆசிரியர்க்கு இயலாத செயலன்று.

பெரியோர் கடன்

இனிப் பொருள். முன்னணி அமெரிக்கப் பள்ளியொன்றின் ஈராண்டுச் செலவு இரண்டு இலட்சம் டாலரைத் தாண்டும். பிரான்சின் இன்சியாது பத்து மாதத்திலும், ஐதராபாத்தின் இந்திய வணிகப் பள்ளி ஓராண்டிலும் படிப்பை முடிக்கச் செய்கின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளி தேவையின் அடிப்படையில் அயல்நாட்டவர்க்கும் உதவித்தொகை அளிக்கிறது. மிகு தேவையுடையோர்க்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்பதாக 2022இல் அறிவித்தது. ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் அயல்நாட்டுக் கல்விக்குக் கடனுதவி வழங்கி வருகிறது. சிறுபான்மை மாணவரின் கல்விக்கடன் வட்டிக்கு நடுவணரசு அளித்த மானியம் 2022இல் நிறுத்தப்பட்டது. டாம்கோ எனப்படும் மாநிலக் கழகத்தின் கல்விக்கடன் குறித்து மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். வங்கிகள் ரூ.7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை வேண்டுகின்றன.

இவற்றினும் முந்திய தடை ஒன்று உண்டு. வங்கி கடன் தருவது சேர்க்கைக் கடிதம் கண்ட பின்னரே. அதற்கு முன் ஆகும் செலவை எவர் தருவார்? தேர்வுக் கட்டணங்களோடு, பள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 250 டாலர் வீதம் நான்கு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தால் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். கேட்டால் கட்டணவிலக்குத் தரும் பள்ளிகளும் உண்டு. எனினும் திறமிக்க ஏழை மாணவர் பலர் இப்படியிலேயே நின்றுவிடுகின்றனர். வட்டிக்கு அஞ்சும் குடும்பங்களும் நம்மிடை உள. ஜமாஅத்துப் பெரியோரும் முன்னாள் மாணவரும் சேர்ந்து, இத்தொடக்கச் செலவுக்கென வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்றை நிறுவுவராயின், சிறுதொகையே பெரும்பயன் தரும். ஒருவர் திருப்பித் தந்தது அடுத்தவர்க்கு உதவும்.

வாயில் அடைபடின்

இத்தனையும் செய்தும் இடம் கிடையாது போகலாம். காத்திருப்போர் பட்டியலில் வைக்கலாம். அதியமானும் ஒருமுறை ஔவையாருக்குப் பரிசில் தரக் காலம் தாழ்த்தினான். அப்போது வாயிற்காவலனை நோக்கி அவர் பாடியது 206ஆம் பாட்டு. அறிவுடையோர் மாண்டு உலகம் வறிதாகிவிடவில்லை. கோடரியோடு காடு செல்லும் தச்சன் மக்களுக்குக் காடு உதவுவதுபோல, கலை வல்லார்க்கு எத்திசையிலும் வாழ்வுண்டு என்பது அதன் கருத்து. மறுப்புக் கடிதம் பெற்ற மாணவர் பயிலவேண்டிய பாட்டு இது. மறுத்தது ஒரு பள்ளியின் ஓர் ஆண்டுக் குழு. மறுபடி விண்ணப்பிப்போரைப் பள்ளிகள் வரவேற்கின்றன. இடைக்காலத்தில் என்ன செய்தீர் என்றே வினவுகின்றன. கைத்திறம் என்னும் கோடரியை இழவாதிருத்தலே வேண்டுவது.

முடிவுரை

"எங்களைப் போன்றோர்க்கும் இடம் கிடைக்குமா?" என்னும் வினாவுக்கு, கிடைக்கும் என உறுதி கூறுவார் எவருமிலர். ஆயின் தம்மை உள்ளவாறே காட்டி விண்ணப்பித்த ஒருவர், இடம் பெறினும் பெறாவிடினும், தாம் செய்ததையும் செய்யவேண்டுவதையும் முன்னினும் தெளிவாக அறிவார். மாணவர் உண்மையை எழுதுக. ஆசிரியர் அறிந்ததை எழுதுக. பெரியோர் முதற்படியில் கைகொடுக்க. இம்மூன்றும் கூடின், தகடூர் மண்ணிலிருந்து செல்வோர் எந்த அவையிலும் தலைநிமிர்ந்து நிற்பர் என்பது திண்ணம்.