ஓர் ஊர் கற்பித்த இருதயப் பாடம்

வாய்க்காலில் வண்டல் படிவது ஒரே நாளில் நிகழ்வதன்று. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோதுதான் நாம் மண்வெட்டியை எடுக்கிறோம். இருதய நோயும் அத்தகையதே. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் பொருள் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லப் படிகிறது. அப்படிவு ஒருநாள் வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால், அதற்கு அப்பாலுள்ள தசை மடியத் தொடங்குகிறது. இதனையே மாரடைப்பு என்கிறோம். நேற்றுவரை நலமாக இருந்தவர் இன்று மறைந்தாரே என்று வியக்கிறோம். ஆனால் நோய் நேற்று வந்ததன்று.

இந்நோய் யாரைத் தாக்கும் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? இவ்வினாவிற்கு விடை தந்த ஆராய்ச்சியை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். அவருடைய இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்திருந்ததை மருத்துவர்கள் அறிந்தே இருந்தனர். ஆயினும் அதனை நன்கு குறைக்கவல்ல மருந்து அந்நாளில் இல்லை. வயது ஏறினால் அழுத்தமும் ஏறுவது இயற்கையே என்று கருதிய மருத்துவர்களும் பலர். ஒரு நாட்டின் தலைவருக்கே இந்நிலை என்றால் சாதாரண மக்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

1948ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் இருதய ஆராய்ச்சிக்கெனச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மாஸாசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் ஆராய்ச்சி தொடங்கிற்று. 5,209 ஆண்களும் பெண்களும் தம் விருப்பத்தால் முன்வந்தனர். நோயாளிகளைத் தேடிச் செல்லாமல், நோயற்றவர்களைத் தொடர்ந்து கவனிப்பதே இதன் முறை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களுடைய இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால், எடை, பழக்கவழக்கங்கள் முதலியன குறித்துவைக்கப்பட்டன. பின்னர் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டனர்.

கணக்கு மெதுவாகப் பேசத் தொடங்கிற்று. உயர்ந்த இரத்த அழுத்தமும் மிகுந்த கொலஸ்டிராலும் இருதய நோய்க்கு வழிகோலுகின்றன என்பது 1957 முதல் வெளிவந்த முடிவுகளால் தெளிவாயிற்று. 1960களின் தொடக்கத்தில் புகைப் பழக்கமும் அவ்வரிசையில் சேர்ந்தது. உடலுழைப்புக் குறைவு, நீரிழிவு, மிகை எடை ஆகியவற்றின் தீங்கும் பின்னர் விளங்கின. உயர்ந்த அழுத்தம் பக்கவாதத்தையும் தருகிறது என 1970இல் காட்டினர். ‘இயற்கையே’ என்று விடப்பட்டது இயற்கையன்று, ஆபத்தே.

அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்பது அடுத்த வினா. முன்னாள் இராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகள் பல ஒன்றுகூடி இதனைச் சோதித்தன. மிக உயர்ந்த அழுத்தமுடைய 143 ஆண்களில் ஒரு பாதியினருக்கு மருந்தும், மறு பாதியினருக்கு மருந்தில்லா மாத்திரையும் அளித்தனர். 1967இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெறாதவர்களிடையே 27 கடும் விளைவுகள் நேர்ந்தன. மருந்து பெற்றவர்களிடையே நேர்ந்தவை இரண்டே.

ஒரே ஊரின் கணக்கு உலகுக்கெல்லாம் பொருந்துமா என்று ஐயுறுவது நியாயமே. பிரேமிங்ஹாமில் முதலில் சேர்ந்தோர் பெரும்பாலும் வெள்ளையர். ஆதலின் 1994 முதல் பிற இனத்தாரையும் சேர்த்தனர். இந்தியா உட்பட 52 நாடுகளில் நடைபெற்று 2004இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியும் புகையிலை, அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு முதலிய அதே காரணங்களைச் சுட்டியது. தெற்காசிய மக்களை மாரடைப்பு இளம் வயதிலேயே தாக்குகிறது என்பதும் அதனால் புலனாயிற்று.

இனி நாம் செய்யவேண்டியது யாது? உயர்ந்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ மயக்கமோ தருவதில்லை. தறியில் அமர்ந்தவரும் ஏர் பிடிப்பவரும், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வது அளந்து பார்த்த பின்பே பொருளுடையதாகும். அளவு 140க்கு 90 என்பதை எட்டிவிட்டால் மருத்துவரைக் காண்க. தொடங்கிய மருந்தை, உடல் நன்றாயிருக்கிறது என்று தாமாக நிறுத்துதல் கூடாது. பீடியையும் புகையிலையையும் விடுக. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாயும் கருவாடும் இக்கணக்கில் சேர்ந்தவையே. நெஞ்சை இறுக்கும் வலி இடக் கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயுத் தொல்லை என்று காலங்கடத்தாமல் உடனே மருத்துவமனை செல்க.

பிரேமிங்ஹாம் மக்களின் பிள்ளைகள் 1971இலும், பேரப்பிள்ளைகள் 2002இலும் இவ்வாராய்ச்சியில் சேர்ந்தனர். தம் உடலைப் பற்றிய கணக்கை அவர்கள் பொதுவில் வைத்தார்கள். அதன் பயனை உலகமே பெற்றது. சிறு பங்குகள் சேர்ந்து பெருமுதலாவதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டியவை:
1. நோயற்றவர்களைப் பல ஆண்டுகள் கவனித்ததால் கிடைத்த பயன் யாது?
2. நம் குடும்பத்தில் முப்பது வயது கடந்தோர் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேர் இவ்வாண்டு இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள்?