பவளத்துக்குள் இருப்பது எந்தப் பாசி?

கூட்டுயிர் வாழ்க்கைப் பாடத்தை நான் மல்லாட்டைச் செடியில்தான் தொடங்குவேன். ஏம்பலத்துப் பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கி வந்து முடிச்சுகளைக் காட்டி, ரைசோபியத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த எடுத்துக்காட்டாகப் பவளத்துக்குப் போவேன். "பவளம் பாசிக்கு இடம் தருகிறது, பாசி பவளத்துக்கு உணவு தருகிறது" என்று அதை இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், எங்கப்பா மல்லாட்டைக்குத் தனி ரைசோபியம் பாக்கெட், உளுந்துக்குத் தனி பாக்கெட்னு கேட்டுத்தான் வாங்குவாரு. பவளத்துப் பாசியும் அப்படித் தனித்தனியா, இல்ல எல்லாத்துக்கும் ஒண்ணேதானா?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். தேடிப் படித்தபோது, பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த இன்னொன்றும் தவறு என்று தெரிந்தது. "வெளுத்த பவளம் செத்த பவளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பவள உயிரி ஒரு விலங்கு. அதன் சதை ஏறக்குறைய கண்ணாடி போன்றது. அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளை. பழுப்பு நிறம் தருவது சதையின் செல்களுக்குள் வாழும் பாசி. ஒரு பாசியின் குறுக்களவு சுமார் 0.01 மில்லிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத்தில் பத்து லட்சம் அளவுக்கு இருக்கும். பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி இந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கையிலிருந்து வருகிறது. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால் ஒளிச்சேர்க்கை தடுமாறி, தீங்கு தரும் ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பாசி வெளியேறுகிறது, வெள்ளைக் கூடு தெரிகிறது. அந்த நேரத்தில் பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும்.

இனி மாணவியின் கேள்வி. 1962இல் இந்தப் பாசிக்கு சிம்பயோடினியம் மைக்ரோஅட்ரியாட்டிகம் என்று பெயர் வைத்தார்கள். பவளம், கடல் அனிமோன், இராட்சதச் சிப்பி, சில சொறிமீன்கள் என எதற்குள் இருந்தாலும் இது ஒன்றே என்றுதான் நெடுநாள் எண்ணினார்கள். நுண்ணோக்கியில் எல்லாமே ஒரேமாதிரி பழுப்பு உருண்டைகள்தாமே! 1990களில் மரபணுக்களை ஒப்பிட்ட பிறகுதான் அவை வெகு தூரத்து உறவினர் என்று புரிந்தது. முதலில் ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் பிரித்தார்கள். 2018இல் தனித்தனிப் பேரினங்களாக்கினார்கள். சி என்றது இப்போது கிளாடோகோப்பியம், டி என்றது டுருஸ்டினியம்.

பெயர் மாற்றத்தைவிட முக்கியமானது குண வேறுபாடு. ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் ஒரு பவள இனம் டுருஸ்டினியத்துக்கு மாறியபோது 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதல் வெப்பத்தைத் தாங்கியது. ஆனால் அதே பாசியுடன் வளர்ந்த இளம் பவளங்கள் மெதுவாகவே வளர்ந்தன. சூடு தாங்கும், படியளப்பது குறைவு.

நம் கடலில் இது வெறும் ஆய்வகச் செய்தி இல்லை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. 2010இலும் 2016இலும் அங்கே பெருமளவில் பவளங்கள் வெளுத்தன. 2016க்குப் பின் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. இதற்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவில், நம் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 வெளுப்பைக் கவனித்து, அங்குள்ள பவளங்களில் டுருஸ்டினியம் இருப்பதைப் பதிவு செய்தார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வகுப்பில் இதைப் பாசிமணி கொண்டு செய்து பார்த்தோம் (பெயரும் பொருத்தமாக அமைந்துவிட்டது). முதல் தீப்பெட்டியில் 20 சிவப்பு மணி. இரண்டாவதில் 18 சிவப்பு, 2 நீலம். நீலம் சூடு தாங்கும் பாசி. "கடல் சூடாகிறது" என்றதும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிவப்பை மட்டும் விட்டு மற்றச் சிவப்புகளை எடுத்துவிட வேண்டும். பிறகு மிஞ்சிய மணிகளை மூன்று முறை இரட்டிப்பாக்க வேண்டும். முதல் பெட்டியில் 8 மணிதான் சேரும். இரண்டாவதில் 8 சிவப்பு, 16 நீலம். இப்போது சிவப்புக்கு 2, நீலத்துக்கு 1 என்று உணவு மதிப்பெண் போட்டுக் கூட்டச் சொல்லுங்கள். முன்பு 38 இருந்த இரண்டாம் பெட்டி 32க்கு இறங்கியிருக்கும். 40 இருந்த முதல் பெட்டி 16இல் நிற்கும். எண்கள் விளையாட்டுக்காக நான் வைத்தவை, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: "பவளம் நீலத்தைத் தேர்ந்தெடுத்தது" என்று கட்டாயம் யாராவது எழுதுவார்கள். தாக்குப்பிடித்தது பெருகியது, அவ்வளவுதான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுவது நல்லது. பின்னால் பரிணாமப் பாடம் நடத்தும்போது கைகொடுக்கும்.

மணிகளை எண்ணி முடித்ததும் அதே மாணவி, "அப்ப விதை நேர்த்தி பண்ற மாதிரி, சூடு தாங்குற பாசியை நாமளே பவளத்துக்குக் கொடுக்கலாமா சார்?" என்றாள். இந்த முறை பதில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் கிளாடோகோப்பியத்தை ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் வெந்நீர்ச் சூழலில் பழக்கி, பவளக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொடுத்த வகைகளில் சில மட்டும் பவளத்தின் தாங்குதிறனைக் கூட்டின.